கூட்டுவதா, சமப்படுத்துவதா? கோணக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கோணக் கணக்கில் அவர்கள் மதிப்பெண்ணை விடும் இடம் பெரும்பாலும் முதல் வரிதான். தவறான சமன்பாட்டை எழுதிவிட்டு, அதை ஒரு பிசகும் இல்லாமல் தீர்த்து முடிக்கிறார்கள்.

போன வாரக் கணக்கு இது. இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. ஒரு சோடி குத்தெதிர்க் கோணங்கள், அதாவது வெட்டும் புள்ளியில் நேர் எதிரெதிரே அமைபவை, 3அ + 10, 5அ − 30 பாகைகள். ஒரு மாணவி இரண்டையும் கூட்டி 180 என்று எழுதினாள். 8அ − 20 = 180, ஆகவே அ = 25. கணக்கு சுத்தம். ஆனால் 25ஐ திரும்ப வைத்துப் பார்த்தால் ஒரு கோணம் 85, மற்றது 95. குத்தெதிர்க் கோணங்கள் சமமாக அல்லவா இருக்க வேண்டும்? சமப்படுத்தினால் 2அ = 40, அ = 20; இரண்டும் 70 பாகை. பக்கத்துக் கோணம் 110. கூட்டினால் 180 வருவது அந்தப் பக்கத்துக் கோணத்தோடுதான்.

பாதிக் குழப்பம் பெயர்களில் இருக்கிறது. ‘குத்து’ என்று கண்டதும் செங்குத்து நினைவுக்கு வந்து 90 போடுகிறவர்கள் உண்டு. நிரப்புக் கோணங்களின் கூடுதல் 90, மிகை நிரப்புக் கோணங்களின் கூடுதல் 180. இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். மிகை என்றாலே அதிகம். ‘ஒன்றுவிட்ட உட்கோணங்கள்’ என்றதும் ஒன்றுவிட்ட அண்ணனா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அப்படியாவது பெயர் மறக்காது.

படத்தில் எதிரெதிரே தெரிவதெல்லாம் குத்தெதிர்க் கோணமும் அல்ல. நம்மூர் ஐந்து ரோடு சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சாலைகள் ஒரு புள்ளியில் வந்து முடிவதாகத் தாளில் வரைந்தால், எதிரெதிரான இரண்டு கோணங்கள் சமம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு கோடுகள் புள்ளியைத் தாண்டி நேராகப் போனால்தான் அந்தப் பேச்சு. ஐந்து கோணங்களையும் கூட்டினால் 360 என்பது மட்டுமே அங்கே உறுதி.

இணைகோடுகளுக்கு ரயில்வே கேட் போதும்: இரண்டு தண்டவாளங்கள், சாய்வாகக் குறுக்கே போகும் ஒரு சாலை. அந்தச் சாலைதான் குறுக்குவெட்டி. இரு தண்டவாளங்களிலும் ஒரே இடத்தில் அமையும் ஒத்த கோணங்கள் சமம்; தண்டவாளங்களுக்கு இடையே, சாலையின் இரு பக்கமும் மாறி அமையும் ஒன்றுவிட்ட உட்கோணங்களும் சமம். குறுக்குவெட்டியின் ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள் மட்டும் கூடுதலில் 180. அவை 2அ + 10, 3அ − 5 என்றால் 5அ + 5 = 180, அ = 35; கோணங்கள் 80, 100. கோடுகள் இணை என்று கணக்கில் சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணுக்கு இணையாகத் தெரிந்தால் போதாது. இன்னொன்று, அ = 35 என்று கண்டதும் பேனாவை மூடிவிடாதீர்கள். கேட்டது பெரிய கோணம் என்றால் விடை 100.

சூத்திரங்களில் ஒன்றே ஒன்று. முக்கோணத்தின் பரப்பளவுக்கு உயரம் என்றால் செங்குத்து உயரம்; சாய்ந்த பக்கம் அல்ல. பக்கங்கள் 5, 5, 6 செ.மீ. என்றால், அடிப்பக்கம் 6க்கு உயரம் 4. பரப்பளவு 12 சதுர செ.மீ.; 15 அல்ல.

உட்கோணத்தையும் வெளிக்கோணத்தையும் மாற்றி எழுதுவதற்கு ஏற்காடு மலைப்பாதையைக் காட்டுவேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் 150 பாகை திரும்புகிறது என்று வையுங்கள். ஏறி வந்த சாலைக்கும் மேலே போகும் சாலைக்கும் இடையில் இருப்பது 30 பாகைதான். திரும்பியது வெளிக்கோணம், சாலைகளுக்கு நடுவில் அடைபட்டது உட்கோணம். ஒழுங்கு அறுகோணத்திலும் இதே கதை: 360ஐ 6ஆல் வகுத்தால் வரும் 60 வெளிக்கோணம், உட்கோணம் 120. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைத் தெரிந்துவைத்திருந்த ஒருவன் உடனே 150ஐ 20ஆல் பெருக்கி 3000 பாகை என்றான். வலப்பக்கம் திரும்பியதை இடப்பக்கம் திரும்பியதில் கழிக்க வேண்டாமா என்று கேட்டேன். “கழித்தால் ஏன் மிஸ் தலை சுற்றுகிறது?” என்றான்.