இரண்டு மடங்கு என்றால் எதிலிருந்து?

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு இளம் டாக்டர் புற்றுநோய் பற்றிப் பேசினார். அவருக்கு அது முதல் மேடை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடத்தில், "ஆபத்து இரண்டு மடங்காகிறது!" என்றார். அரங்கம் "ஐயய்யோ" என்றது. எனக்கு என் பழைய பேச்சையே யாரோ போட்டுக் காட்டியதுபோல் இருந்தது.

புதிதாக மேடையேறும் டாக்டர்கள் மைக்கைத் தட்டிப் பார்ப்பது, தொண்டையைச் செருமுவது எல்லாம் நாலு கூட்டம் போனால் தானாகப் போய்விடும். எதிலிருந்து என்று சொல்லாமல் "இரண்டு மடங்கு" என்பது போகாது. கைதட்டல் வாங்கித் தருகிற தவறு இது.

அடி இல்லாத சதவீதம்

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் இதயநோய் பற்றிப் பேசினேன். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் நல்லதை மட்டும் சொன்னால் சரியில்லையே என்று, "இது சுகர் வரும் வாய்ப்பை 9 சதவீதம் கூட்டுகிறது" என்றும் சொல்லி வைத்தேன். எண்ணில் தப்பில்லை. 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குதான்.

மூன்று மாதம் கழித்து ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். ஸ்டென்ட் வைத்தவர். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்தில் எட்டு அப்படியே இருந்தது. "நூறு பேர்ல ஒம்பது பேருக்கு சுகர் வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எதுக்கு வம்புன்னு அன்னைக்கே நிறுத்திட்டேன்."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு, அதில் 9 சதவீதம் கூடும் என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். குற்றம் காதில் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. 255 பேர் நாலு வருடம் ஸ்டாட்டின் சாப்பிட்டால், கூடுதலாக ஒருவருக்குச் சுகர் வரும். அந்த மண்டபத்தில் ஏறக்குறைய அத்தனை நாற்காலிதான் போட்டிருந்தார்கள். "இத்தனை நாற்காலியில் கூடுதலாக ஒன்று" என்று கையைக் காட்டியிருந்தால் அவர் மாத்திரையை விட்டிருக்க மாட்டார்.

பிரிட்டனில் இது பெரிய அளவிலேயே நடந்தது. 1995 அக்டோபரில் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த ஆண்டு சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிடுகிறார்கள். கர்ப்பத்தில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் கொடுமை.

"சதவீதம் சொன்னாத்தான் சார் ஜனங்க நிமிர்ந்து உக்கார்றாங்க" என்று இன்றும் சிலர் என்னிடமே சொல்கிறார்கள். எரிச்சலாக வரும். மருந்தின் நல்லதைச் சதவீதத்தில் சொல்லி, கெடுதலைத் தலைக்கணக்கில் சொல்கிறவர்களும் உண்டு. மருந்து விற்க வருகிறவர்களுக்கு இது கைவந்த கலை. நீங்கள் இரண்டையும் தலைக்கணக்கிலேயே சொல்லுங்கள்: எத்தனை பேரில், எத்தனை வருடத்தில், எத்தனை பேருக்கு.

நேரம்

அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருக்கும். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து ஆறே முக்காலுக்கு உங்களிடம் மைக் வரும். கொண்டுவந்த பேச்சில் பாதியை அங்கேயே வெட்டிவிடுங்கள். யாருக்கும் ஒரு மணி நேரம் போதும் என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1813-இலேயே நண்பருக்கு எழுதினார். அப்போது அவருக்கு 21 வயது, மேடையே ஏறியதில்லை. கேட்பவராக உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.

கலைச்சொல்

முதலில் "பிரஷர்". அப்புறம் வேண்டுமானால் "உயர் குருதி அழுத்தம்".

ஸ்லைடு

கடைசி வரிசைக்குத் தெரியாததைத் தூக்கிவிடுங்கள்.

கேள்வி நேரம்

யாராவது ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். மேடையில் பிரிக்காதீர்கள்.

அன்று நூலகத்தில் கேள்வி நேரத்துக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த டாக்டரிடம் போய், "தம்பி, இரண்டு மடங்குன்னீங்களே, எதிலிருந்து?" என்று கேட்டேன். யோசித்தார். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். அதற்குள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.