வரைகலையும் விளம்பரமும் கற்பவர் எங்கிருந்து தொடங்குவது: வேலூர் மாணவரின் வழிகாட்டி

வரைகலை வடிவமைப்பும் விளம்பரமும் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதுதான். இதே படிப்பில் இருக்கும் நான் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்வேன். கோரல் டிராவோ, இல்லஸ்ட்ரேட்டரோ, பணம் கட்ட இயலாதவர்களுக்கு இங்க்ஸ்கேப்போ, எதுவாக இருந்தாலும் கருவி கைக்குப் பழகிவிடும். தமிழ் எழுத்தைப் பக்கத்தில் ஒழுங்காக வைப்பதற்கும், அதைப் படிக்கப் போகிறவர் யார், எங்கே நின்று படிப்பார், படித்த பின் என்ன செய்வார் என்று முன்கூட்டியே நினைப்பதற்கும்தான் நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது.

அந்தப் பயிற்சிக்கு வேலூர் மிகவும் வாய்ப்பான ஊர். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று தொலைவிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அதனால் காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் விடுதி, மெஸ், மருந்துக்கடை ஆகியவற்றின் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் சேர்ந்து நிற்கின்றன. பாடத்தில் ‘இலக்கு வாசகர்’ என்று படிப்பவர் இங்கே கையில் பெட்டியோடும் மருத்துவக் கோப்போடும் எதிரே நடந்து வருகிறார். ஒரு மாலைப் பொழுதில் குறிப்பேட்டுடன் அந்தத் தெருக்களில் நடந்து, எந்தப் பலகை முதலில் கண்ணில் பட்டது, எந்த எழுத்து தொலைவில் கலங்கிப் போனது, தொலைபேசி எண்ணைத் தேட வேண்டியிருந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்த பிறகு, சிறிய வேலை ஒன்றை எடுத்து அச்சு வரை கொண்டு போக வேண்டும். விடுதி ஒன்றுக்கான ஏ5 அளவுப் பிட் நோட்டீஸை நான் பரிந்துரைப்பேன். கணினியைத் திறக்கும் முன் உரிமையாளரிடம் உட்கார்ந்து, யார் வந்து தங்குகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள், உள்ளே வந்ததும் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே பெரும்பாலும் நோட்டீஸின் தலைப்பாக அமையும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, உடல்நலமில்லாதவரையும் அழைத்துக்கொண்டு வரும் குடும்பத்துக்குச் ‘சிறந்த சேவை, நியாயமான கட்டணம்’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. மருத்துவமனைக்கு நடந்தே போகலாம், அறையில் சமைத்துக்கொள்ளலாம், லிஃப்ட் உண்டு என்ற செய்திகள் (அவை உண்மையாக இருந்தால் மட்டும்) அவர்களை முடிவெடுக்க வைக்கும். விளம்பர வகுப்பில் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்று நான்கு படிகளைச் சொல்லித் தருவார்கள். அமெரிக்கரான எல்மோ லூயிஸின் பெயரோடு சேர்த்து வழங்கும் வரிசை அது. களைத்து வந்திருப்பவர்களுக்கு எழுதும்போது நான்காவது படிக்கே, அதாவது தொலைபேசி எண்ணுக்கும் வழி சொல்லும் சிறு வரைபடத்துக்கும், தாராளமாக இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனை ஊரில் விளம்பரம் எழுதுகிறவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நீரிழிவு, புற்றுநோய் முதலிய குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான தகவல் தரும் விளம்பரங்களுக்குத் தண்டனை விதிக்கிறது. இப்படிப்பட்ட வாசகத்தோடு யாராவது வந்தால், மாணவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். நோயின் அச்சத்தில் இருப்பவர் எதையும் நம்பத் தயாராக இருக்கிறார் என்பதாலேயே நம் பொறுப்பு கூடுகிறது. மருத்துவமனையோடு தொடர்பு இருப்பதுபோல் அதன் பெயரையோ சின்னத்தையோ விடுதி நோட்டீஸில் போடுவதும் கூடாது.

இனி எழுத்துக்கு வருவோம். கற்கும் நேரத்தில் பெரும்பகுதியை நான் இதற்கே ஒதுக்கச் சொல்வேன். தமிழில் ‘கீ’, ‘டி’ போன்றவை மேலே எழும்பும். ‘சு’, ‘பூ’ போன்றவை கீழே இறங்கும். 12 புள்ளி (பாயிண்ட் என்னும் அளவு) எழுத்துக்கு இல்லஸ்ட்ரேட்டர் தானாகத் தரும் 14.4 புள்ளி வரி இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும் என்பதால் 17 அல்லது 18 புள்ளி கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் தலைப்புக்குப் பெரிய எழுத்தைப் போட்டு அழுத்தம் தருவார்கள். நமக்கு அந்தப் பிரிவே இல்லாததால் தடிமன், அளவு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றைக் கொண்டே அழுத்தம் தர வேண்டும். ஆகவே, பல தடிமன்கள் உள்ள எழுத்துருக் குடும்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே ஆழமாகப் பழகுவது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகியவற்றை வணிக வேலைக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இடம் போதாமல் போகும். அப்போது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவது வழக்கமாகிவிட்டது. நசுக்கினால் நெடுங்கோடு மெலிந்து, கிடைக்கோடு பருமன் மாறாமல் நின்று, எழுத்தின் உருவமே கெடுகிறது. சொல்லைக் குறையுங்கள், அல்லது வரியைப் பிரியுங்கள். பிரிக்கும்போது புதிய வரி புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. குறுகிய பத்தியில் இருபுறமும் சமமாக நிரவினால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும் என்பதால், இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும்.

எழுத்துருக் குறியேற்றத்திலும் கவனம் வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டாலும், பல டி.டி.பி. கடைகளில் பழைய குறியேற்ற எழுத்துருக்களே புழங்குகின்றன. நீங்கள் ஒருங்குறியில் தட்டிய மேட்டரை அங்கே ஒட்டினால் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரியலாம். எனவே, சொற்கள் இறுதியான பின் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவங்களாக, மாற்றிய பிரதியைக் கொடுங்கள். திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் வங்காளமும் வேண்டுமென்றால், வங்காள எழுத்துகள் தலைக்கோட்டிலிருந்து தொங்குபவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே புள்ளி அளவில் இரண்டையும் வைத்தாலும் கண்ணுக்கு ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தோன்றலாம். ஆகவே, எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் மட்டும் விடாமல், அந்த மொழி பேசும் ஒருவரிடம் அச்சுக்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன் சில அளவுகள் கைவசம் இருக்க வேண்டும். ஏ5 தாள் 148 × 210 மி.மீ.; நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் நீட்டினால் கோப்பு 154 × 216 மி.மீ. ஆகும். அந்த நீட்சி இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். படங்கள் அச்சிடும் அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் நான்கு மையில் மங்கும் என்பதால் தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே. என்னும் நான்கு மை நிற முறையில் வேலை செய்யுங்கள். சிறிய எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் அமையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் பிளேட் (அச்சுத் தகடு) இம்மியளவு விலகினாலும் தமிழின் சுழிகள் அடைபட்டுவிடும். முடிந்தால் இயந்திரம் ஓடும்போது அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். இயந்திரத்தை ஓட்டுபவர் ‘இந்தத் தாளில் மை இழுக்கும்’ என்று சொல்லும் ஒரு வரியில் மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாளுக்கும் பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கும்.

பிளெக்ஸுக்குக் கணக்கு வேறு. 10 அடிக்கு 6 அடிப் பலகைக்கு உண்மையான அளவில் 72 டி.பி.ஐ. போதும், அதுவே 8640 × 5184 பிக்சல். ஒரு அங்குல உயர எழுத்தைப் பத்தடியிலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. சுழிகள் நிறைந்த தமிழுக்கு அதைவிடச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்து காணாமலே போகும். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்ற விதியும் வடிவமைக்கும்போதே கணக்கில் வர வேண்டியது.

வேலை முடிந்ததும் அதை, வேலை தேடும்போது காட்டும் உங்கள் படைப்புத் தொகுப்பில் சேர்க்கும்போது, அழகான இறுதிப் படத்தை மட்டும் வைக்காதீர்கள். உரிமையாளரிடம் கேட்ட கேள்விகள், முதல் பென்சில் வரைவு, திருத்தக் குறிகளோடு கூடிய புரூஃப் (சரிபார்ப்புப் பிரதி), அச்சான தாள் ஆகியவற்றை இதே வரிசையில் வையுங்கள். வேலைக்கு எடுப்பவர் ‘இந்த எண்ணை ஏன் இவ்வளவு பெரிதாக வைத்தீர்கள்?’ என்று கேட்டால், உங்கள் விடை அந்த முதல் தாளிலேயே எழுதியிருக்கும்.