நேரில் போகும் முன் போனில் விலை கேளுங்கள்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், ஃபியூனரல் ஹோமுக்கு (இறுதிச் சடங்கை நடத்தித் தரும் நிறுவனம்) நேரில் போகும் முன் இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து விலை கேளுங்கள். ஊரில் ஒன்றுதான் இருக்கிறதென்றால் பக்கத்து ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1984-இல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) விதிப்படி, போனில் கேட்டால் அவர்கள் விலையைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பெயர், முகவரியைக் கொடுத்தால்தான் சொல்வோம் என்று நிபந்தனை போட முடியாது. நேரில் போய்க் கேட்டால் விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்து வரலாம். சவப்பெட்டியை வெளியே வாங்கினாலும் மறுக்கவோ, அதற்கெனத் தனிக் கட்டணம் போடவோ கூடாது. அழுது ஓய்ந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கும் மனம் வராது. அதனால் நெருங்கிய உறவினரை விட்டுவிட்டு, ஒரு நண்பர் இந்தப் போனைச் செய்வதே நல்லது.

அப்புறம், இரங்கல் குறிப்பு. பல செய்தித்தாள்கள் நீளத்துக்கு ஏற்பக் காசு வாங்கும். பெயர், தேதி, சடங்கு நேரம் மட்டும் அங்கே போதும். முழு வாழ்க்கைக் குறிப்பை ஃபியூனரல் ஹோமின் இணையதளத்தில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு இருக்காது, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்லறை நிலம் மட்டும் விற்கும் இடங்களுக்கு மேலே சொன்ன கமிஷன் விதி பொருந்தாது. ஃபியூனரல் ஹோம் தன் பொதுவான வேலைகளுக்கு வாங்கும் அடிப்படைச் சேவைக் கட்டணத்தையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல முடியாது.