"எந்த இயக்கம் தம்பி?": இரட்டைப் பாகுபாட்டை அளப்பது எப்படி

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, மழை நாளில், மோட்டார் சைக்கிள் விபத்து. நான் ஆரையம்பதித் தமிழன். காத்தான்குடியில் இருக்கும் என் முஸ்லிம் கூட்டாளிக்கும் செயற்கைக் கால்தான். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு, ஒரே நாளில் நேர்முகப் பரீட்சைக்குப் போனோம். அவரிடம் "சீனி வருத்தமா?" என்று கேட்டார்கள். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எந்த இயக்கம் தம்பி?" ஆயுத இயக்கத்தில் இருந்து போரில் காலை இழந்தவன் என்று நினைத்துவிட்டார்.

கேட்டவர் கெட்ட மனுசர் இல்லை, எங்களுக்குத் தேத்தண்ணீரும் தந்தார். ஆனால் கால் உள்ள தமிழனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார். கால் இல்லாத என் கூட்டாளியிடமும் கேட்கவில்லை. இனமும் மாற்றுத்திறனும் சேர்ந்தால்தான் வருகிற இதைத்தான் இரட்டைப் பாகுபாடு என்கிறேன்.

இங்கே இலங்கையில் சட்டமே இரண்டையும் வேறு வேறு லாச்சியில் வைத்திருக்கிறது. இனத்துக்கு அரசியலமைப்பின் 12(2) ஆவது உறுப்புரை, மாற்றுத்திறனுக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். பாகுபாட்டை அளப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் உளவியலாளர் கிரீன்வால்டும் கூட்டாளிகளும் 1998 இல் வெளியிட்ட மறைமுகத் தொடர்புச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். வாயால் சொல்லாத மனச்சாய்வை அளக்கப் பார்க்கும் சோதனை அது. கணினித் திரையில் படமும் சொல்லும் வரும், இரண்டு விசையில் ஒன்றைத் தட்ட வேண்டும், தட்ட எடுத்த நேரத்தை மில்லி செக்கனில் கணக்கிடுவார்கள். அதில் இனத்துக்கு ஒரு சோதனை, மாற்றுத்திறனுக்கு இன்னொரு சோதனை. இரண்டையும் செய்து கூட்டினாலும் என்னிடம் கேட்ட கேள்வி அதில் அகப்படாது. ஒரே ஆள் இன்னொரு நாள் செய்தால் புள்ளியும் மாறக்கூடும், அதனால் அதை வைத்து யாரையும் நல்லவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதோடு, மாற்றுத்திறனை அளக்க வந்த சோதனை விரல் வேகத்தையும் கண் பார்வையையும் நம்பி நிற்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு.

நான் செய்வது கடித முறை: கற்பனை விண்ணப்பங்களை ஆட்களிடம் கொடுத்துப் புள்ளி போடச் சொல்வது. எழுதுவினைஞர் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதே வயது, அதே உயர்தரப் பெறுபேறு, அதே அனுபவம். அதையே நான்கு விதமாக்குங்கள்: தமிழ்ப் பெயர், முஸ்லிம் பெயர், ஒவ்வொன்றிலும் "செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறேன்" என்ற வரியோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று. கால் போன காரணத்தை எழுதவே கூடாது.

விலாசத்தில் கவனம். எங்கள் பக்கம் ஊர்ப் பெயரே இனத்தைச் சொல்லிவிடும். முதல் தடவை தமிழருக்கு வாகரை, முஸ்லிமுக்குக் காத்தான்குடி என்று போட்டுவிட்டேன். வாசித்தவர்கள் "இவ்வளவு தூரம் எப்படி வந்து போவார்?" என்று புள்ளியைக் குறைத்தார்கள். நான் அளந்தது பஸ் தூரத்தை! அப்புறம் ஆரையம்பதி, காத்தான்குடி என்று மாற்றினேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

கடிதங்களை என்வலப்பில் இட்டுக் கலக்கி, ஒருவருக்கு ஒன்று மட்டும் கொடுங்கள். நான்கையும் கண்டால் நல்ல பிள்ளையாக எழுதிவிடுவார்கள். பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். ஆட்களைத் தெரிவு செய்வது பற்றிய ஆய்வு என்று முன்னுக்கே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், முடிந்தபின் மிச்சத்தையும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், என்வலப் இலக்கம் போதும்.

கணக்கு இலேசு. பேச்சுக்கு, கால் வரியால் தமிழ்ப் பெயரின் சராசரி 8 இலிருந்து 5 க்கும், முஸ்லிம் பெயரின் சராசரி 7 இலிருந்து 6 க்கும் இறங்கியது என்று வையுங்கள். இறக்கம் 3, 1. வித்தியாசம் 2. இனமும் காலும் சேர்ந்து செய்கிற வேலை அந்த 2 தான். ஆனால் ஒரு கடிதத்துக்குப் பத்துப் பேர் மட்டும் என்றால் அந்த 2 தற்செயலாகவும் வரும், அதைப் பெரிதாகப் பேசாதீர்கள்.

ஆட்கள் குறைவென்றால் புள்ளியை விட உதவுவது கடைசி வரி: "இவரிடம் இன்னும் என்ன கேட்பீர்கள்?" பதில்களை வகைபிரித்து எண்ணுங்கள். வகைபிரிப்பவருக்கு எது எந்தக் கடிதத்தின் பதில் என்று தெரியக் கூடாது. நான் அதை என் கூட்டாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தாள்களைத் தனியே எடுத்து வைத்து, "இதை எதில சேர்க்கிற?" என்றார். இரண்டிலும் ஒரே கேள்வி: கால் போனது எந்த ஆண்டு? இலக்கத்தைப் பார்த்தேன். இரண்டும் ஆரையம்பதிக் கடிதம்.