மின் டிரோலிங் மோட்டாரில் அரிமானம்: கண்டறிவதும் சரிசெய்வதும்

புளோரிடாவின் டாம்பா விரிகுடா, இந்தியன் ரிவர் காயல் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் சிறு படகிலோ கயாக்கிலோ சென்று மீன்பிடிப்பவர்களில் சிலர், ஏரிக்கென்று வாங்கிய டிரோலிங் மோட்டாரையே (படகை மெதுவாக நகர்த்தும், பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார்) அங்கும் இறக்கிவிடுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரில் அலுமினிய உறையும் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்ட்டும் திருகுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். ஆகவே மேலே தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதோடு வேலை முடிவதில்லை. உலோகங்கள் சந்திக்கும் இடங்களைச் சரிசெய்யாவிட்டால் அரிப்பு அதே இடத்தில் மறுபடியும் கிளம்பும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். பிறகு புரொப்பெல்லர் நட்டைத் தளர்த்தி, குறுக்கே செருகியிருக்கும் பின்னை உருவி எடுத்து, ஷாஃப்ட்டைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். தூண்டில் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ரப்பர் சீலை அறுத்திருக்கலாம். வெளியிலிருந்து இது தெரியவே தெரியாது. மோட்டாருக்குள் நீர் புகும் முக்கியமான வழியும் இதுதான். நரம்பின் கடைசி இழை வரை எடுத்துவிட்டு, சீலின் விளிம்பில் கீறல் இருந்தால் சீலை மாற்றுங்கள்.

அடுத்து உறையைக் கவனியுங்கள். பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தை நகத்தால் பெயர்த்தால் அடியில் வெண்மையான மாவு உதிரும். பெரும்பாலும் அந்தப் படலம் கொப்புளத்தின் எல்லையையும் தாண்டி, நல்லதாகத் தோன்றும் பெயிண்டுக்கு அடியிலும் பரவியிருக்கும் என்பதால், பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடம் வரை சுரண்டியே ஆகவேண்டும். இதற்கு நைலான் பிரஷும் உப்புத்தாளும் போதும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷைப் பயன்படுத்தினால் அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்புக்கு வித்திடும். காரத்தன்மை மிகுந்த கிளீனர்களும் அலுமினியத்தைத் தின்றுவிடும். குழிகளில் தங்கிய உப்பு நீங்கும்படி நல்ல நீரில் பலமுறை கழுவி, முழுவதும் உலர்ந்தபின், ஆழமான குழிகளை எபாக்ஸி கொண்டு நிரப்பி, அலுமினியத்துக்கான பிரைமரை அன்றைக்கே பூசிவிடுங்கள். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை இந்த உறைமீது ஒருபோதும் பூசக்கூடாது. செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அழிவது அலுமினியம்தான்.

அனோடு என்பது தன்னை அழித்துக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் துண்டு. மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் ரிப்டைட் வரிசை போன்ற உப்புநீர் மாதிரிகளில் இது இணைக்கப்பட்டே வருகிறது. உப்புநீருக்குத் துத்தநாகம் பொருந்தும். உப்பு கூடிக் குறையும் காயல்நீருக்கு அலுமினியக் கலவை நல்லது. நன்னீருக்கு மெக்னீசியம் ஏற்றது. துத்தநாகம் நன்னீரில் ஒரு படலம் கட்டிக்கொண்டு செயலற்றுப்போகும், மெக்னீசியமோ உப்புநீரில் விரைவில் கரைந்து தீர்ந்துவிடும். பாதி கரைந்த அனோடைத் தயங்காமல் மாற்றுங்கள். பல மாதங்கள் உப்புநீரில் ஓடியும் அனோடு புதிதுபோலவே பளபளத்தால் மகிழ வேண்டாம். அது வேலை செய்யவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அனோடுக்கும் அது அமரும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், மின்தடை சுழியை ஒட்டி இருக்கவேண்டும். இல்லையென்றால் தொடும் பரப்புகளைச் சுத்தமாகத் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள். அனோடின் மீது பெயிண்டோ கிரீஸோ படவே கூடாது.

அலுமினியத்தில் ஏறும் ஸ்டெயின்லெஸ் திருகுகளுக்கு, இரு உலோகங்களையும் பிரித்துவைக்கும் அரிமானத் தடுப்புப் பசையைப் புரியில் தடவி முடுக்குங்கள். இறுகிப்போன திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுத்திருந்து, லேசாகச் சூடுகாட்டிக் கழற்றுவதே நல்லது.

மின்கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதைத் துடைத்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. 12 வோல்ட்டில் இயங்கும் 55 பவுண்டு உந்துவிசை மோட்டார் முழுவேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். களிம்பேறிய ஒரு முனையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் வீணாகி, 50 வாட் வெப்பம் அந்த முனையிலேயே தேங்கும். கறுத்துப்போன செம்பை, பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை வெட்டியெடுத்து, வெள்ளீயம் பூசிய படகுக் கம்பியால் புதிய முனை வைத்து, பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாயால் மூடுங்கள். ஈய அமில பேட்டரியின் முனைகளில் படிந்த உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் நீக்கலாம். கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் மோட்டாரை நீரிலிருந்து தூக்கிவிட்டு, நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவவேண்டும். அழுத்தம் மிகுந்த குழாயைச் சீலின் பக்கம் நேராகத் திருப்பினால் உப்பை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளிவிடும்.

இவ்வளவு செய்தபின்னும் மோட்டார் கரகரவென்று ஓசையிட்டாலோ, ஷாஃப்ட் ஓரத்தில் நீர் கசிந்தாலோ, வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் இழுத்தாலோ, உட்புறம் துருப்பிடித்திருக்கிறது என்று கருதலாம். கார்பன் பிரஷையும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) சீலையும் மாற்றிச் சரிசெய்ய முடியும். காந்தங்களும் ஆர்மேச்சரும் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள் பகுதி) பாழாகியிருந்தால், உதிரிகளை ஒவ்வொன்றாக வாங்கும் முன் நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி முழுவதற்கும் என்ன விலை என்று விசாரித்துவிடுவது நல்லது.