காடு காக்கும் குழுவின் ஆண்டு விழா: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு விழா நெருங்கியதும், இந்த முறை எத்தனை கன்று நடலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. போன ஆண்டு நட்டவற்றில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. மணலியிலோ மாதவரத்திலோ சாலையோரம் நட்ட கன்றுகளை ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். பட்டுப்போனவற்றையும் சேர்த்துக் கணக்கை ஊர்மக்கள் முன் வாசியுங்கள். புதிய நடவைவிட அந்த வாசிப்புக்கே விழாவில் முதலிடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மிகப் பெரிய சேதம் கழிமுகத்தில் நேர்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூரில், நீர் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத்திட்டு வெற்றுநிலம்போலத் தோன்றும். உடனே அங்கே, உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக் கன்றுகளை வரிசையாக நட்டுப் படம் எடுக்கத் தோன்றும். அந்தச் சேறு உள்ளான் பறவைகள் இரை தேடும் இடம். இருளர் மக்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் இடமும் இதே கழிமுகம்தான். அங்கு காடு எழுப்ப நினைப்பது இன்னொருவரின் பிழைப்பில் கை வைப்பதாகும்.

அலையாத்திக்குத் தேவை கடலிலிருந்து வரும் ஓதநீர் ஏறி இறங்கும் வழி. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து வழி தூர்ந்த இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் நிலைக்காது. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்துபோக வழிசெய்த பிறகே அழிந்த பகுதிகளில் காடு மீண்டது. ஆகவே நடவுக்குப் பதில், மரங்களில் சிக்கிய அறுந்த வலைகளையும் பிளாஸ்டிக்கையும் எடுக்கும் வேலையை விழாவில் வையுங்கள். அதற்கும் பெருங்கூட்டமாக இறங்கிவிடாதீர்கள். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சுவேர்கள்; மிதித்தால் ஒடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு வந்தபோது, இங்குள்ள அலையாத்திகள் கருமை பூசி நின்றன. அந்த அடியைத் தாங்கிய மரங்களை நம் செருப்புக்கால் முறிக்கக் கூடாது. படகோட்டத் தெரிந்த உள்ளூர் மீனவரின் வழிகாட்டலில், சிறு குழுவாகப் போவதே சரி. அலையாத்திக் காடுகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளின் உச்சப் பாதுகாப்பில் இருப்பவை. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள்.

நாள் குறிப்பதில் நேரும் தவறு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அலுவலகம் போகிறவர்களுக்கு அது வசதி. காசிமேட்டில் மீன் வியாபாரம் சூடுபிடிக்கும் பொழுதும் அதுவே. மீன் விற்கும் பெண்கள் அன்று எப்படி வருவார்கள்? அவர்கள் வர முடியாத விழாவை ஊர் விழா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடமே நாள் கேட்டுவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் பள்ளித் தேர்வுகள். மே மாதத்தில் நட்ட கன்று வெயிலில் கருகும். நடவு அவசியம் என்றால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வைத்து, வேம்பு, புங்கன், பூவரசு போன்ற நம் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் கன்றைக் குழியில் வைக்க வேண்டும். அவசரத்தில் பையோடு புதைத்துவிடுகிறார்கள்.

பறவை பார்க்கும் நடை வைப்பதாக இருந்தால், வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் குளிர்கால மாதங்கள் ஏற்றவை. நீர் ஏறிவரும் நேரத்தில் அவை கரைப்பக்கம் ஒதுங்குவதால், தொலைவிலிருந்தே குழந்தைகளுக்குக் காட்டலாம். ட்ரோன், மேளம், வெடி மூன்றும் வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு தவறு பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. காகிதக் கப்தானே என்று வாங்குகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் அடக்கம். பிளாஸ்டிக் கொடித் தோரணமும், பரிசு போட்டுக் கொடுக்கும் துணிபோன்ற நெய்யாத பையும் அப்படியே. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். கழுவ இருவருக்குக் கூலி கொடுத்தால் அதுவும் ஊருக்குள்ளேயே தங்கும்.

மேடையில் பொன்னாடைகளுக்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கழிமுகத்தில் வாழ்நாளெல்லாம் வலை வீசியவருக்குக் கடைசியில் இரண்டு நிமிடம் கிடைக்கிறது. எந்த மீன் குறைந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அவர். அவரை முதலில் பேச வைத்து, சொன்னதைக் குழுவின் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தலுக்கும் டி-ஷர்ட்டுக்கும் பணம் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். சாலையோரக் கன்றுக்குக் குறைந்தது முதல் இரண்டு கோடைகளிலாவது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்தக் கூலியைத் தனியே எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதைக் கொண்டு பந்தலின் அளவை முடிவுசெய்யுங்கள்.