மணிக்கட்டுக்கு ஏற்ற வாட்ச்: அளவு பார்ப்பது, தோற்றம் தேர்வது, சேர்ப்பது

வாட்ச் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை மி.மீ.?” என்பதுதான். விற்பவர் சொல்லும் எண் டயலைச் சுற்றியுள்ள கேஸின் விட்டம். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கியவைதான் பெரும்பாலும் பெட்டிக்குள் தூங்குகின்றன. கையில் வாட்ச் எப்படி உட்காரும் என்பதை விட்டத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது நீளம். பட்டை மாட்டுவதற்காகக் கேஸிலிருந்து நீண்டிருக்கும் கால்களுக்கு லக் என்று பெயர். மேல் லக்கின் முனையிலிருந்து கீழ் லக்கின் முனை வரை உள்ள தூரம்தான் அந்த நீளம்.

இரண்டு வாட்சுகளை ஒப்பிட்டால் இது விளங்கும். சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 நீச்சல் வாட்சின் விட்டம் 42.5 மி.மீ., லக் நீளம் சுமார் 46 மி.மீ. ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கலின் விட்டம் 38 மி.மீ.தான், நீளமோ சுமார் 47 மி.மீ. விட்டத்தில் நான்கரை மி.மீ. சிறியது, கையின் குறுக்கே பார்த்தால் ஒரு மி.மீ. நீளமானது. மெலிந்த கை உள்ளவர் “பெரிசு” என்று முதலாவதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை வாங்கினால், லக் முனைகள் மணிக்கட்டின் விளிம்பைத் தொட்டு நிற்பதைப் பார்த்துக் குழம்புவார்.

கையை அளக்கும் முறை

தையல் டேப்பை மணிக்கட்டு எலும்புக்கு முழங்கை பக்கமாக, வாட்ச் வழக்கமாக உட்காரும் இடத்தில் சுற்றி அளவெடுங்கள். இறுக்க வேண்டாம், தோலைத் தொட்டால் போதும். மாலையில் அளப்பது நல்லது. வெயிலிலும் நடைக்குப் பிறகும் கை சற்று உப்பும், காலையில் எடுத்த அளவு அப்போது இறுக்கமாகிவிடும்.

இந்தச் சுற்றளவு பட்டை வாங்க மட்டுமே உதவும். கேஸைத் தேர்வதற்கு வேண்டியது மணிக்கட்டின் மேற்பரப்பு அகலம். 17 செ.மீ. சுற்றளவு உள்ள கை சரியான வட்டமாக இருந்தால் அகலம் 54 மி.மீ. அதே 17 செ.மீ. தட்டையான கையாக இருந்தால் அகலம் 60 மி.மீ.யைத் தொடும். அதிலும் உருண்டையான கையில் மேலே சமமாக இருக்கும் பகுதி இன்னும் குறைவு, இரு பக்கமும் உடனே சரிந்துவிடும். ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்குப் பொருந்தும் வாட்ச் மற்றவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஸ்கேலை மணிக்கட்டின் மேல் குறுக்காக வைத்து, தோல் சரியத் தொடங்கும் இரு இடங்களுக்கு நடுவே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் வாட்சின் லக் நீளம் இந்த எண்ணைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று மி.மீ. குறைவாக இருப்பது உத்தமம்.

கடைக்குப் போக வழியில்லை என்றால் கெட்டி அட்டையில் அந்த விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, மேலும் கீழும் லக் நீளம் வரை நீட்டி வெட்டிக் கையில் ஒட்டிப் பாருங்கள். தடிமன் தெரியாது, ஆனால் நீளம் உடனே புரிந்துவிடும்.

எண் சொல்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, லக்கின் வளைவு. கீழ்நோக்கி வளைந்த லக் 49 மி.மீ. இருந்தாலும் கையை அணைத்துக்கொள்ளும். நேராக நீட்டிய லக் 46 மி.மீ.யிலும் அந்தரத்தில் நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் லக் முனை கேஸின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, உலோகச் செயினின் முதல் கண்ணி. சில செயின்களில் அது லக்குகளுக்கு வெளியே துருத்திக்கொண்டு, அதன் பிறகே மடியும். அப்படியானால் நீளத்தோடு அந்தத் துருத்தலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு மி.மீ. கூடிவிடலாம். தோல் பட்டைக்கு மாற்றியதும் அதே வாட்ச் சிறியதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். மூன்றாவது, தடிமன். முழுக்கை சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் 10 மி.மீ.க்கு உள்ளே இருக்கட்டும். 13 மி.மீ.யைத் தாண்டினால் பட்டன் போட்ட சட்டையில் மாட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியும் அளவு

ஒரே விட்டமுள்ள இரண்டு வாட்சுகள் வெவ்வேறு அளவாகத் தெரியும். வெள்ளை டயல் கறுப்பைவிடப் பெரிதாகத் தெரியும். டயலைச் சுற்றி மெல்லிய விளிம்பு மட்டும் இருந்தால் முகம் முழுக்க டயலாகிவிடும், 38 மி.மீ. கூட 40 போல் நிற்கும். சுழலும் வளையம் உள்ள நீச்சல் வாட்சில் டயல் சிறுத்துவிடுவதால் 42 மி.மீ. அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

சதுர வாட்சில் ஏமாறுவது மிகச் சுலபம். 35 மி.மீ. சதுரத்தின் பரப்பு 1225 சதுர மி.மீ., 40 மி.மீ. வட்டத்தின் பரப்பு 1257. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே வட்ட வாட்சில் 40 மி.மீ. பிடித்தவர், சதுரத்தில் 40 தேடினால் கையில் ஒரு பலகையைக் கட்டியது போல ஆகிவிடும். சதுரத்துக்கு ஐந்து மி.மீ. குறைத்துத் தேடுங்கள்.

அடுத்தது படம். கைபேசியை மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் எந்த வாட்சும் பூதாகரமாகத்தான் தெரியும், கேமராவுக்கு மிக அருகில் இருப்பது அதுதானே. குனிந்து நம் கையை நாமே பார்ப்பதிலும் ஓரளவு இதே கோளாறு உண்டு. ஆள் உயரக் கண்ணாடியின் முன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மற்றவர் பார்ப்பது அந்த அளவைத்தான். “பெரிதாக இருக்கிறதோ” என்ற சந்தேகம் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த அளவு சரி என்பதைக் காலமும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 1932-இல் வந்த பாடெக் ஃபிலிப் கலட்ராவா 96, ஆண்களுக்கான வாட்ச், விட்டம் சுமார் 31 மி.மீ. ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர் பல பத்தாண்டுகள் 36 மி.மீ.யாக இருந்தது, 2010-இல் 39 ஆனது, 2021-இல் மறுபடி 36-க்கு வந்தது, 2023-இல் 40 மி.மீ.யும் கூடவே சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் மனிதரின் மணிக்கட்டு மாறவில்லை. ஆகவே “இப்போது எல்லோரும் சிறியதுதான் கட்டுகிறார்கள்” என்பதற்காக 42 மி.மீ.யை விற்றுவிடாதீர்கள். லக் உள்ளே அடங்கினால், கனம் உறுத்தாவிட்டால், அது உங்கள் அளவுதான். பெரிய வாட்சை விரும்பிக் கட்டுபவரும் ரசனை இல்லாதவர் அல்லர். கேசியோ ஜி-ஷாக் போன்றவற்றில் அந்தப் பருமனே அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பின் ஒரு பகுதி.

பட்டை பாதி வாட்ச்

பிடிக்காமல் போன வாட்சை விற்பதற்கு முன் ஒரு தடவை பட்டையை மாற்றிப் பாருங்கள். லக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் பட்டையின் அகலம். 18, 20, 22 மி.மீ. எங்கும் கிடைக்கும், 19-உம் 21-உம் தேடி அலைய வேண்டும். கண்ணுக்கு நிறைவான விகிதம் விட்டத்தில் பாதி: 36-க்கு 18, 40-க்கு 20. பட்டை நுனிப் பக்கம் 20-இலிருந்து 16 ஆகக் குறுகினால் வாட்ச் நளினமாகத் தெரியும். அகலம் குறையாமல் ஓடினால் முரட்டுத் தோற்றம்.

தோல் பட்டையின் வழக்கமான நீளம் 120/75 மி.மீ., அதாவது துளையுள்ள பக்கம் 120, கொக்கிப் பக்கம் 75. 15, 16 செ.மீ. கைக்கு இதை வாங்கினால் கடைசித் துளையில் போட்டும் வால் நீண்டு தொங்கும், கொக்கியும் கையின் நடுவில் நிற்காது. 110/70 அளவைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது கேஸைத் துணியின் மேல் கவிழ்த்து வைத்து, லக்குகளின் உட்புறத்தில் காகித டேப் ஒட்டிவிட்டுத்தான் பட்டை கழற்றும் கருவியை நுழைக்க வேண்டும். பட்டையை லக்குகளுக்கு நடுவே பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங் கம்பிக்கு ஸ்பிரிங் பார் என்று பெயர். அதன் தோள்பட்டையில், அதாவது நுனிக்கு அருகே உள்ள விளிம்பில், கருவியின் பிளவை மாட்டி, லக்கிலிருந்து விலகும் திசையில் அழுத்தினால் சுருங்கி வெளியே வரும். புதிதைப் போட்டதும் “டிக்” என்ற சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். பிறகு பட்டையை இழுத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் துளையில் சரியாக உட்காராததால்தான் வாட்சுகள் கீழே விழுகின்றன. பழைய, வளைந்த ஸ்பிரிங் பாரைத் திரும்பப் போடாதீர்கள். பல சீக்கோ நீச்சல் வாட்சுகளில் 2.5 மி.மீ. தடித்த பார் இருக்கும், சாதாரண பார் அந்தத் துளையில் தளர்ந்து ஆடும்.

செயினாக இருந்தால் கண்ணிகளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கழற்றுங்கள், பூட்டு மணிக்கட்டின் நேர் அடியில் வர வேண்டும். ஒரே பக்கம் கழற்றினால் வாட்சின் தலை வெளிப்பக்கம் சரிந்துகொண்டே இருக்கும். கண்ணியின் உட்புறம் அம்புக்குறி இருந்தால் பின்னை அந்தத் திசையில் தட்டி வெளியேற்றி, எதிர்த்திசையில் உள்ளே செலுத்துங்கள். போட்டபின் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும் அளவு தளர்வு இருந்தால் சரி.

சேர்க்கத் தொடங்கினால்

சேகரிப்பை ஆசையிலிருந்து தொடங்காமல் பயன்பாட்டிலிருந்து தொடங்குங்கள். தினசரி ஒன்று, தண்ணீருக்கும் முரட்டு வேலைக்கும் ஒன்று, விசேஷங்களுக்கு மெல்லியது ஒன்று. இந்த மூன்றுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருப்பதில் எதன் முறையைப் பறிக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 21 கிராம் எடையுள்ள கேசியோ எஃப்-91டபிள்யூ 1989-இலிருந்து வருகிறது. பெரிய சேகரிப்பாளர்களின் பெட்டியிலும் அது இருப்பதற்குக் காரணம், தன் வேலையை அது குறையில்லாமல் செய்கிறது.

கையில் இருப்பதைப் பற்றி ஒரு குறிப்பேடு வையுங்கள். தினமும் எதைக் கட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எது தொடப்படாமல் கிடக்கிறது என்று தெரியும். அப்போது காரணத்தைப் பிரித்து எழுதுங்கள்: நீளமா, கனமா, கிரவுன் (நேரம் திருத்தும் பக்கத் திருகு) புறங்கையைக் குத்துகிறதா, வெள்ளி டயலில் வெள்ளி முள் தெரியாமல் போகிறதா, ஒவ்வொரு முறையும் நேரமும் தேதியும் திருத்துவது சலிப்பா. நான்கைந்து வாட்சுகளுக்கு இப்படி எழுதினால் உங்கள் ரசனையின் எல்லை எழுத்தில் நிற்கும். அடுத்து எதை வாங்கக் கூடாது என்று அது சொல்லிவிடும், இணையத்தில் யாருடைய பாராட்டும் அவ்வளவு உதவாது.

பேட்டரி இல்லாத வாட்சுகளைச் சேர்ப்பவர் பராமரிப்புச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். எண்ணெய் காய்ந்தால் பாகங்கள் தேயும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்து வாட்ச் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு. முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே இருக்கும்போது தேதியைத் திருகி மாற்றாதீர்கள், தேதிச் சக்கரத்தின் பல் அப்போது பிணைந்திருக்கும், உடையும். முள்ளை 6:30-க்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள். திடீரென ஒரு நாளைக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம்தான் காரணம்: மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வில் குட்டையாகி, துடிப்பு விரைவாகிவிடும். வாட்சைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் முள் ஆடும். காந்தம் நீக்கும் சிறு கருவியில் சில விநாடிகள் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக விலக்கினால் சரியாகும்.

பேட்டரி வாட்சுக்கு ஒரே விதி. நின்றுபோன பேட்டரியை உள்ளே விடக் கூடாது. கசிந்தால் மின்சுற்றை அரித்துவிடும்.

தண்ணீர் பற்றிய எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 மீட்டர் என்பது கை கழுவும் தெறிப்புக்கு மட்டும், நீந்த 100 மீட்டராவது வேண்டும். ரப்பர் வளையங்கள் முதுமையடைவதால், பழைய வாட்சின் முதுகில் எந்த எண் எழுதியிருந்தாலும் அதைத் தண்ணீரில் காட்டாதீர்கள்.

பழையது வாங்குவோர் டயலைத்தான் முதலில் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். எழுத்துகள் தடித்தும் மெலிந்தும் இருந்தால், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராக நில்லாவிட்டால், அது மறுபடி வண்ணமடித்த டயல். லக்கின் கூர் விளிம்புகள் உருண்டு, முதுகின் எழுத்து மங்கியிருந்தால் பலமுறை பாலிஷ் ஏறியிருக்கிறது. வெள்ளி நிற முலாம் பூசிய கேஸில் லக் மூலைகளில் மஞ்சள் தெரிகிறதா பாருங்கள், உள்ளிருக்கும் பித்தளை அது. இயந்திரத்தின் படத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். 1970-க்கு முந்தைய ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கக்கூடும். ஒளி மங்கிவிட்டாலும் அதன் கதிர்வீச்சு போகாது, பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். அத்தகையதை வீட்டில் திறக்கவோ டயலைச் சுரண்டவோ கூடாது, உதிரும் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

வைப்பதற்கு மூடிய பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, ஸ்பீக்கரும் காந்த மூடியுள்ள கைபேசி உறையும் இல்லாத இடம். தோல் பட்டையை வியர்வையோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஓர் இரவு வெளியில் காயவிட்டு வையுங்கள். கழற்றிய கண்ணிகள், பின்கள், ரசீது எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் போட்டு மாடல் எண்ணை மேலே எழுதிவிடுங்கள். பின்னாளில் கை பருத்தாலும், வாட்சை வேறொருவருக்குக் கொடுத்தாலும், அந்தச் செயினுக்குப் பொருந்தும் கண்ணி தனியாகக் கிடைப்பது அரிது.